கதிரையின் பூர்வீகம்

யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் சாய்மனைக் கதிரைக்கென்று ஓர் இடம் உண்டு. பிரம்புப் பின்னல், சரிந்த முதுகு, காலைத் தூக்கிப் போட நீண்ட கைப்பிடிகள். மத்தியானச் சோறு உண்டு அதில் சாய்ந்த பெரியவரை எழுப்ப ஒருவரும் துணியமாட்டார்கள். தமிழகத்தவர் நாற்காலி என்பதை இங்கே ஏன் கதிரை என்கிறார்கள்?

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், 1658இல் கோட்டையை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். நாற்பது ஆண்டுகூட நிறையாத ஆட்சி. ஆனால் மேசையும் பாணும் அலுமாரியும் யன்னலும் வீட்டுக்குள் தங்கிவிட்டன. எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீன். யன்னல் அங்கே 'சின்னக் கதவு'. அலுமாரியோ ஆயுதமும் கருவிகளும் வைத்த பெட்டகம். அதில்தான் இன்று கூறைச்சேலையை மடித்து வைக்கிறோம்.

இவற்றுள் நெடுந்தூரம் நடந்த சொல் கதிரைதான். போர்த்துக்கேயரின் 'கதெய்ரா'வுக்கு முன் லத்தீனில் 'கதெட்ரா'. அதற்கும் முன் கிரேக்கம். உரோமாபுரியில் அது சரிந்த முதுகுள்ள ஆசனம். பெரும்பாலும் பெண்கள் சாய்ந்திருக்க உதவியது. பிறகு ஆசிரியர் அமர்ந்து பாடம் சொல்லும் இருக்கையாயிற்று. கிறிஸ்தவம் பரவியபின் ஆயரின் இருக்கைக்கும் அதுவே பெயர். அந்த இருக்கை உள்ள கோயில் 'கதீட்ரல்'. யாழ்ப்பாணம் 1886இல் மறைமாவட்டமானது. அதன் கதீட்ரல் குருநகரில் உள்ள மரியன்னை பேராலயம். ஆக, பழைய உரோமாபுரியின் ஓய்வு விறாந்தையிலும், பிந்திய உரோமாபுரியின் அதிகாரம் பேராலயத்திலுமாக, ஒரே சொல்லின் இரண்டு பொருளும் ஒரே ஊரில் வாழ்கின்றன. பாராளுமன்றக் கதிரைக்குப் போட்டி என்று பத்திரிகைகள் எழுதும்போதும் அந்த அதிகாரப் பொருள்தான் பேசுகிறது. ஆங்கிலத்தின் 'செயார்' பிரெஞ்சு வழியாக வந்த இதே குடும்பத்துப் பிள்ளை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புலோலியில் பிறந்து தமிழ்ப் பேரகராதி தந்த நா. கதிரைவேற்பிள்ளையின் பெயரில் இருப்பது இந்தக் கதிரை அல்ல. அது கதிர்காமத்துக் கதிரை, முருகனின் கதிரைமலை. ஒலி ஒன்று, வேர் வேறு. ஒலியை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் வழுக்கி விழுவது இப்படியான இடங்களில்தான்.

'நாற்காலி' கால்களை எண்ணுகிறது. 'கதிரை' அமர்வதைச் சொல்கிறது. இரண்டும் நல்ல சொற்களே. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ தமிழ் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை 'கதிரை' என்று எழுதினால், ஆசிரியர்களே, தயவுசெய்து அதைச் சிவப்பு மையால் வெட்டாதீர்கள்.