அறுபத்து நான்கு கட்டங்கள்

சதுரங்கத்தில் நமக்குள்ள சாமர்த்தியம் நண்பர்கள் அறிந்ததே. பத்து நகர்த்தல்களுக்குள் மந்திரியைப் பறிகொடுக்கும் வித்தையில் நமக்கு நிகர் நாமே. ஆனால், நம் சகோதரியின் குமாரன் அப்படியல்ல; அவன் பந்தயங்களுக்குப் போகிறவன். சென்ற மாதம் ஐந்து ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று வந்தவன், "மாமா! நம் வீட்டுக் கம்ப்யூட்டர் பழைய 32 பிட் யந்திரம். 64 பிட் யந்திரம் இருந்தால்தான் நான் தேற முடியும்" என்றான்.

விலையை விசாரித்தோம். ஒரு மாதச் சம்பளம் நம்மிடம் விடைபெற்றுக்கொள்ள எழுந்து நின்றது. ஆயினும், பிள்ளையின் பேச்சை ஆராயாமல் தள்ளுவது தர்மமன்று என்று விஷயத்தில் புகுந்தோம்.

அவன் சொன்னது பொய்யல்ல. சதுரங்கப் பலகையில் கட்டங்கள் 64. கட்டத்துக்கு ஒன்றாக 'உண்டு', 'இல்லை' என்று குறியிட்டால், வெள்ளைச் சிப்பாய்கள் நிற்கும் இடமெல்லாம் 64 குறிகளில் அடங்கிவிடும். 64 பிட் யந்திரம் அதை ஒரே கவளமாக விழுங்குகிறது. 32 பிட் யந்திரமோ பலகையை இரண்டாகப் பிளந்து, பாதி பாதியாகக் கணக்கிட்டு, மறுபடியும் ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆனால், கட்டத்துக்கு ஓர் எண் வீதம் பலகையை எழுதிவைக்கும் நிரல்களுக்கு இந்த லாபம் அவ்வளவாக இல்லை. அகலம் மட்டும் போதாது. அகலத்தை உபயோகிக்கத் தெரிந்த நிரலும் வேண்டும்.

இனி, வேகம் வந்தால் பலம் வந்துவிடுமா? ஒரு நிலையில் சுமார் 35 நகர்த்தல்கள் சாத்தியம். வீண் கிளைகளை வெட்டியெறியும் ஆல்ஃபா-பீட்டா முறை மிகச் சிறப்பாக வேலை செய்தாலும், ஒரு நகர்த்தல் கூடுதலாக நோக்க ஏறக்குறைய ஆறு மடங்கு உழைப்பு வேண்டும். வேகம் இரட்டித்தால் அரை நகர்த்தல்கூட முழுதாய்க் கிட்டாது. 1997-ல் காஸ்பரோவை வென்ற டீப் புளூ வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. அதனினும் மிகக் குறைவாக ஆராயும் இன்றைய கைபேசி நிரல் அதைவிட நன்றாக ஆடுகிறது. காரணம், எதைப் பார்க்க வேண்டாம் என்று அது அறிந்திருப்பதே.

அன்று இரவு, பையன் தோற்ற ஐந்து ஆட்டங்களையும் பழைய யந்திரத்திலேயே போட்டுப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் தவறிய இடத்தை அது சில வினாடிகளில் காட்டிற்று. நான்கில் தவறு ஒன்றே: எதிராளியின் கடைசி நகர்த்தலைக் கவனியாமல் காயில் கை வைத்தது.

பையன் வெகு நேரம் மௌனமாயிருந்தான். பிறகு, "இது என் பிசகுதான், மாமா" என்றான். யந்திரம் வாங்கும் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை.

நமக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. நாம் கண்ட முடிவு சரியானதே. ஆனால், பணப்பை கனமாக இருந்திருந்தால் இத்தனை சிரத்தையோடு ஆராய்ந்திருப்போமா? நேயர்களே, அதற்குப் பதில் சொல்ல எந்த யந்திரமும் வேண்டியதில்லை.