குர்துபாவுக்கு வழிச்செலவு

நம் தந்தையார் மறைந்து நாற்பது நாள் கழிந்த பின்னர் அவருடைய மரப்பெட்டியைத் திறந்தோம். பழைய பேரேடுகள் நான்கு, ஹஜ்ஜுக்குச் சென்று வந்த கடவுச்சீட்டு, உள்ளங்கையளவு வெட்டிய ஓர் ஆட்டுத் தோல் துண்டு. தோலின் பின்புறம் தம் கையெழுத்தில் ‘குர்துபா’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தார்.

பாலாற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆற்காடு, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நம் ஊர்களில் தோல் வெறும் தொழில் அன்று. பெண் கேட்டு வருவோர் விசாரிக்கும் குடும்ப வரலாறும் அதுவே. தந்தையார் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்தவர். ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் நம் சமுதாயத்தார் ஆண்ட நாளில் சுமாக் இலை கொண்டு ஆட்டுத் தோலைப் பதனிட்டார்கள் என்றும், அந்தத் தோலுக்கு ஊரின் பெயரே பெயராகி ‘கோர்டோவன்’ என ஐரோப்பாவெங்கும் பரவிற்று என்றும், ஆங்கிலத்தில் செருப்புத் தைப்பவரைக் குறித்த ‘கார்ட்வெய்னர்’ என்ற பழஞ்சொல்லும் அதிலிருந்து பிறந்ததே என்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். “நம்மைப் போன்றவர்களின் ஊர் அது, ஒருமுறை பார்க்க வேண்டும்” என்பார். பார்க்காமலே போய்விட்டார்.

“அவர் பார்க்காததை நானாவது பார்க்கிறேன், தம்பி” என்று அம்மா சொன்னார்கள். அன்று தொடங்கியது இந்தக் கணக்கு.

நம்முடையது காலணியின் மேற்பாகம் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை. கையில் மிகுதியாகப் பணம் புரளும் நிலை இல்லை. அப்போதுதான் சென்னையில் வேலை பார்க்கும் நம் மருமகன் ஒரு வழி சொன்னான். “மாமு, வீட்டுச் செலவையெல்லாம் கிரெடிட் கார்டில் போடுங்கள். புள்ளி சேரும். புள்ளியை விமான மைலாக மாற்றினால் டிக்கெட்டே கிடைக்கும்” என்றான். செலவழிப்பதற்கே பரிசு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அட்டை வாங்கினோம்.

நான்கு ஆண்டுகள் மளிகை, மருந்து, துணி, பட்டறைக்கு நூல், பசை எல்லாவற்றையும் அட்டையிலேயே வாங்கினோம். மாதம் ஏறத்தாழ 60,000 ரூபாய். நம் அட்டையில் 150 ரூபாய்க்கு 2 புள்ளி. ஆக மாதம் 800, ஆண்டுக்கு 9,600, நான்கு ஆண்டுகளில் 38,400 புள்ளிகள். எண்ணிக்கையைப் பார்த்தால் மலைபோல் தோன்றும். விமான மைலாக்கிப் பார்த்தபோதோ, ஒருவர் சென்னையிலிருந்து மாட்ரிட் செல்ல ஒருவழிச் சீட்டு, அவ்வளவே. அதிலும் வரிகளையும் கட்டணங்களையும் நாமே ரொக்கமாகச் செலுத்த வேண்டும். திரும்பி வருவதற்கு? உடன் வரும் மற்ற இருவருக்கு? இருபத்தெட்டு இலட்சத்துக்கு மேல் செலவழித்ததற்குக் கைக்கு வந்தது அரை டிக்கெட்!

இது கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கம் நமக்குத் தெரிய வந்தது ஒரு தவற்றினால்.

காலணித் தொழிலில் சரக்கு போய் அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்தே பணம் வரும் என்பது தொழில் செய்வோர் அறிந்தது. ஒரு மாதம் வரவேண்டிய தொகை தாமதமாயிற்று. அட்டையின் கணக்குத்தாளில் ‘செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை 3,000’ என்றிருந்தது. அதைக் கட்டினால் போதும் என்று எண்ணிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தோம். அடுத்த மாதத் தாளில் வட்டியும் வட்டியின் மேல் வரியுமாக 2,400 ரூபாய்க்குச் சற்று மேல் ஏறியிருந்தது. தந்தையாரின் நான்கு பேரேடுகளிலும் வட்டிக்கென்று ஒரு பக்கம் கிடையாது. அவர் மகனுடைய கணக்கில் முதன்முதலாக அந்தச் சொல் ஏறிய நாள் அது.

வாசகர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நம் நாட்டில் பல கடனட்டைகளில் வட்டி மாதத்துக்கு நூற்றுக்கு மூன்றரை ரூபாயை ஒட்டி இருக்கிறது. 60,000 ரூபாய் ஒரு மாதம் நிலுவையில் நின்றால் வட்டி 2,100. அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அதாவது 378, ஆகமொத்தம் 2,478. அதே 60,000 ரூபாய்ச் செலவுக்குக் கிடைக்கும் 800 புள்ளிகளை, புள்ளிக்கு ஒரு ரூபாய் என்று தாராளமாக மதித்தாலும் 800 ரூபாய்தான். மூன்று மாதப் புள்ளியை ஒரே மாத வட்டி விழுங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, நிலுவை முழுவதும் தீரும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

மனம் பொறுக்காமல் நம் மஹல்லாவின் ஹஜ்ரத் அவர்களிடம் சென்றோம். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினார்கள். தவணை தவறினால் வட்டி என்னும் நிபந்தனையுடைய கடனட்டையை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தலாகாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாத் அமர்வில் தீர்மானித்திருக்கிறது. தேவை உடையவர் தவணைக்குள் முழுத் தொகையையும் தவறாது கட்டும் உறுதியோடு பயன்படுத்தலாம் என்று கூறும் அறிஞர்களும் இருக்கிறார்கள். “இரண்டையும் சொல்லிவிட்டேன். உங்கள் தேவை எது என்பதை நீங்கள்தாம் சொல்ல வேண்டும்” என்று முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “அந்தப் புள்ளியை யார் பணத்திலிருந்து கொடுக்கிறான்?”

நான்கு ஆண்டுகளாக நாம் கேட்காத கேள்வி அது. விசாரித்தோம். அட்டையில் விற்கும் கடைக்காரர் ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரு கழிவு கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி புள்ளியாகிறது. உறுப்பினர் செலுத்தும் ஆண்டுக் கட்டணம் இன்னொரு வருவாய். மூன்றாவது வருவாய், கெடுவுக்குள் கட்ட இயலாதவர்களின் வட்டி. ஆலையில் கூலி வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை அட்டையில் தேய்த்துவிட்டு, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவர் நம் தெருவிலேயே இருக்கக்கூடும். எந்தக் காசு எதில் கலந்தது என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியாது.

“குர்துபா எங்கேயும் ஓடிவிடாது. நம் காசில் போவோம்” என்றார்கள் அம்மா.

நிலுவையை முழுவதும் தீர்த்து அட்டையை ஒப்படைத்தோம். புள்ளிகளைப் பொருள் வாங்கும் சீட்டாக மாற்றினோம். புள்ளிக்கு 25 காசு வீதம் 9,600 ரூபாய் வந்தது. ஐயத்துக்குரிய பொருளை நன்மை எதிர்பாராமல் ஏழைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற ஹஜ்ரத்தின் சொற்படி, அது ஓர் ஆதரவற்ற பெண்மணியின் வீட்டுக்கு அரிசியும் எண்ணெயுமாகச் சென்றது. வேறு கருத்தை ஏற்று, கெடு தவறாமல் அட்டையைக் கையாள்வோரை நாம் குறை கூறவில்லை. நம் வீட்டின் முடிவு இது.

அதன் பிறகுதான் ஓர் உண்மை புலப்பட்டது. பயணத்தை மலிவாக்குவது புள்ளியன்று, திட்டம். நாம் விசாரித்த நாளில் ஒருவர் போய்வர விமானக் கட்டணம் 60,000 ரூபாயை ஒட்டி இருந்தது. கோடையில் இது வெகுவாக ஏறும். அந்த மாதங்களில் குர்துபாவின் வெயிலும் நம் வேலூர் வெயிலுக்கு இளைத்ததன்று. ஆகவே ஜனவரி மாதத்தைத் தேர்ந்தோம். அப்போது அங்கே பொழுது விடியக் காலை எட்டரை மணி ஆகிவிடும். முதியோரும் அவசரமின்றி ஃபஜ்ரு தொழலாம்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவருக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கடைசி நேரப் பதற்றம் தேவையில்லை. மாட்ரிடிலிருந்து குர்துபாவுக்கு அதிவேக இரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. 2021க்குப் பின் அந்நாட்டில் வேறு நிறுவனங்களும் அதிவேக இரயில் ஓட்டத் தொடங்கியதால், முன்கூட்டியே பதிந்தால் கட்டணம் குறைகிறது. நாலைந்து ஊர் ஓடாமல் குர்துபா, கிரனாடா என்று இரண்டிலேயே தங்குவது என முடிவு செய்தோம். அல்ஹம்ராவுக்குக் கடவுச்சீட்டு எண்ணோடு பல வாரங்களுக்கு முன்பே சீட்டுப் பதிய வேண்டும். அரண்மனைக்குள் நுழையக் குறித்த நேரமும் உண்டு. அங்கே செலவுக்கு, முன்பணம் நிரப்பிய அந்நியச் செலாவணி அட்டை போதும். அதில் கடனுமில்லை, வட்டியுமில்லை. உணவில் பன்றியும் மதுவும் கலக்கும் நாடாகையால் சமையலறையுள்ள விடுதியே நலம், மலிவும் அதுவே.

785ஆம் ஆண்டு முதலாம் அப்துர் ரஹ்மான் எழுப்பத் தொடங்கிய குர்துபாப் பள்ளிவாசல் 1236 முதல் கிறிஸ்தவப் பேராலயமாக இருக்கிறது. வாரநாட்களில் காலை ஒரு மணி நேரம் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் நாம் தொழ அனுமதியில்லை. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினோம். சொன்னபோது சற்று நேரம் மௌனமாக இருந்தார்கள். “தூண்களைப் பார்த்துவிட்டு வந்து அறையில் தொழுதுகொள்கிறேன். அவன் கேட்காத இடம் ஏது?” என்றார்கள். கிரனாடாவில் அல்ஹம்ராவுக்கு எதிர்க்குன்றில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பள்ளிவாசல் இருக்கிறது. ஜும்ஆ அங்கே என்று குறித்துக்கொண்டோம்.

பயணம் ஓராண்டு தள்ளிப்போயிருக்கிறது. மாதந்தோறும் ஒரு தொகையை எடுத்து வைக்கிறோம். அதற்கென்று தந்தையாரின் பேரேடுகளில் ஒன்றில் எஞ்சியிருந்த வெள்ளைத் தாள்களையே எடுத்துக்கொண்டோம். தலைப்பில் ‘குர்துபா’ என்று எழுதியிருக்கிறோம். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வட்டிக்கு அதிலும் பக்கம் இல்லை. இன்ஷா அல்லாஹ், அந்தத் தோல் துண்டையும் உடன் எடுத்துச் செல்வோம்.