ஒரு வண்டி, இரண்டு வாழ்நாள் வரி

பிப்ரவரி 3, செவ்வாய்

அப்பாவுக்குத் துணையாக இருக்க, பெங்களூரு வீட்டைக் காலிசெய்துகொண்டு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கே வந்துவிட்டோம். கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் லாரியில் வந்து இறங்கின. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேள்வியெல்லாம் காருக்குத்தான். நம்பர் பிளேட்டில் கே.ஏ. என்று இருப்பதைப் பார்த்துவிட்டுத் தெருவில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். “ஒரு வருஷம் வரைக்கும் ஓட்டலாம்பா, யாரும் கேக்க முடியாது” என்பதுதான் அதிகம் கேட்பது.

அது பாதி உண்மை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி நாடு முழுக்க ஓடலாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. ஆனால் இது நம்பருக்கான கெடு. வரியின் வழி தனி. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணை, மாநிலப் பட்டியலின் 57ஆம் இனத்தில் வாகன வரியை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. எவ்வளவு, எப்போது என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லும். நமக்கு அது 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிவிதிப்புச் சட்டம்.

கர்நாடகம் 2014இல் தன் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி அங்கே வரி கட்டுவதற்கான கெடுவை 30 நாளாகக் குறைத்தது. டி.என். நம்பரோடு பெங்களூருவில் வேலை பார்த்த நம் பிள்ளைகளுக்கு அது பெரிய தொல்லையாயிற்று. 2016இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்துசெய்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

சித்தப்பா வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. கோர்வைப் புடவை. கரை தனி, உடல் தனி, இரண்டையும் பிடித்துப் பிணைத்து நெய்ய வேண்டும். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. நெய்த புடவை திரும்பப் பெங்களூருக் கடைக்கே போனாலும் போகும்.

“பட்டுக்கு இந்தத் தொல்லை இல்லையே, சித்தப்பா” என்றேன்.

“முன்ன இருந்துச்சு. செக்போஸ்ட்ல பில்லு, பேப்பருன்னு லாரி நிக்கும். ஜி.எஸ்.டி. வந்தப்புறம் அது போச்சு” என்றார்.

ராத்திரி வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். 2017 ஜூலை 1இலிருந்து ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் சரக்குக்கு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. உண்டு. இங்கே நெய்த புடவை பெங்களூரில் விற்றால், வரியில் கர்நாடகத்துக்குச் சேர வேண்டிய பங்கு அரசுகளுக்குள்ளேயே கணக்குப் பார்த்துப் போய்ச் சேர்கிறது. புடவை கட்டுகிறவர் இரண்டு கஜானாவுக்கும் நடப்பதில்லை. ஊருக்குள் நுழையும் வண்டிக்கு வாங்கிய நுழைவு வரியும் அதே ஜி.எஸ்.டி.க்குள் கரைந்துவிட்டது. சாலை வரி மட்டும் 57ஆம் இனத்தின் பாதுகாப்பில் வெளியே நிற்கிறது.

இத்தனைக்கும் என் கார் பிறந்த இடம் இருங்காட்டுக்கோட்டை. 1998 முதல் ஹூண்டாய் கார் செய்யும் ஆலை, இதே காஞ்சிபுரம் மாவட்டம். இங்கே செய்து, அத்திப்பள்ளி தாண்டிப் போய், அங்கே வரி கட்டி, ஜூஜூவாடி வழியாகத் திரும்பி வந்து, மறுபடி வரிக்கு நிற்கிறது.

பிப்ரவரி 20, வெள்ளி

நம்பரை இங்கே மாற்றப் பெங்களூரிலிருந்து வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று கைக்கு வந்தது. படிவம் 28. அதற்கு முன்னால் வங்கிக் கடன் முடிந்த கடிதத்தையும் படிவம் 35ஐயும் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை எடுத்தாக வேண்டியிருந்தது. சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தோம். பழைய அபராதம் ஏதும் நிலுவையில் இருக்கக் கூடாது. வண்டி திருட்டு, வழக்கு எதிலும் சிக்கவில்லை என்று தெரிய வேண்டும். இதில் எதையும் நான் குறை சொல்ல மாட்டேன். திருட்டு வண்டி எல்லை தாண்டிப் புது நம்பர் வாங்கிவிடாமல் தடுக்க இந்தச் சோதனை வேண்டும்.

என் மனக்குறை பணத்தைப் பற்றியது. எட்டு லட்ச ரூபாய்க் காருக்குக் கர்நாடகத்தில் 14 சதவீதம், அதாவது 1,12,000 ரூபாய், செஸ் தனி. 15 வருஷத்துக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் 9 முதல் 5 லட்சம் வரை 12, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். வெளிமாநில வண்டிக்கு வயதைப் பார்த்துக் குறைத்துத்தான் வாங்குகிறார்கள். அது நியாயம். மிச்ச வருஷங்களுக்கான பணத்தைக் கர்நாடகமும் திருப்பித் தருகிறது, அதுவும் நியாயம். ஆனால் முதலில் இங்கே முழுவதும் கட்டி, புது ஆர்.சி. வாங்கி, அதைக் காட்டித்தான் அங்கே கேட்க முடியும். நடுவில் அந்தப் பணத்தைப் புரட்ட வேண்டியவர் வண்டிக்காரர்.

மார்ச் 9, திங்கள்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 27, தடையில்லாச் சான்று, காப்பீடு, புகைச் சான்று, காஞ்சிபுரம் முகவரிக்கு மாற்றிய ஆதார். பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கச் சொல்லி எண்களைச் சரிபார்த்தார். வரி கட்டியாயிற்று. இனி டி.என். 21. காப்பீட்டிலும் ஃபாஸ்டேகிலும் எண்ணை மாற்ற வேண்டும்.

வரிசையில் பக்கத்தில் நின்றவர் பி.எச். நம்பரைப் பற்றிக் கேட்டார். 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய அரசின் விதி அது. இரண்டிரண்டு வருஷமாக வரி கட்டினால் போதும், ஊர் மாறினால் நம்பர் மாற்ற வேண்டாம். ஆனால் ராணுவத்தார், அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் வைத்திருக்கும் தனியார் கம்பெனி ஊழியர், இவர்களுக்குத்தான். வாழ்கிற இடத்தில் வாழ்கிற காலத்துக்கு மட்டும் வரி என்ற ஏற்பாடு சாத்தியம் என்று அரசே காட்டிவிட்டது. அப்படியானால் நெசவாளிக்கும் கடைப்பையனுக்கும் ஏன் கூடாது?

மார்ச் 14, சனி

உச்ச நீதிமன்றம் 1962இல் ராஜஸ்தான் வழக்கில், வாகன வரி சாலை வசதிக்கு ஈடாகப் பெறும் தொகை என்றது. 2025 ஆகஸ்டில், விசாகப்பட்டினம் உருக்காலை வளாகத்துக்குள்ளேயே ஓடிய வண்டிகளைப் பற்றிய தீர்ப்பில், பொதுச் சாலையைப் பயன்படுத்தாத வண்டிக்கு வரி இல்லை என்றது. சாலைக்குத்தான் வரி என்றால், நான் இனி ஓட்டப்போகாத கர்நாடகச் சாலைகளுக்காகக் கட்டிய மிச்சப் பணம் என்னோடு இங்கே வர வேண்டும். தமிழ்நாட்டுக்கு வருமானம் குறையட்டும் என்று சொல்லவில்லை. வெள்ளை கேட்டிலிருந்து ஊருக்குள் வரும் சாலையை நான்தான் தேய்க்கப்போகிறேன். அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். புடவைக்குச் செய்கிற கணக்கை இரண்டு அரசுகளும் வண்டிக்கும் செய்துகொள்ளட்டும் என்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

எதிர்வீட்டுப் பையன் வந்தான். தறி வேலை குறைந்தபோது பெங்களூருக்கு டெலிவரி வேலைக்குப் போனவன். அங்கே ஒரு பழைய பைக்கை வாங்கி ஓட்டி, அதிலேயே ஊர் திரும்பியிருக்கிறான். ஆர்.சி. இன்னும் பழைய ஆள் பேரில்.

“வண்டி வெலைய விடப் பேப்பர் செலவு அதிகமாயிடும் போலிருக்கே அண்ணா, இப்பிடியே ஓட்டிடலாமா?”

“வேணாண்டா. மோதிட்டா இன்சூரன்ஸ்ல சிக்கலாயிடும்” என்றேன்.

என்னிடம் சேமிப்பு இருந்தது, கட்டினேன். அவனிடம் இல்லை. அங்கிருந்து திரும்ப வரும் தொகை சின்னதுதான், ஆனாலும் இவன் கையில் அது ஒரு மாதச் சாப்பாடு. அது வரும்வரை கடன் வாங்கித்தான் கட்டப்போகிறான். பழைய சொந்தக்காரரிடம் போனில் பேசினேன். நல்ல மனிதர், 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போடவும், தடையில்லாச் சான்றுக்கு மனு போடவும் ஒப்புக்கொண்டார். அடுத்த ஞாயிறு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாக ஏற்பாடு. என் பணத்தைத் திரும்பக் கேட்கும் மனுவையும் புது ஆர்.சி. நகலோடு அன்றைக்கே எடுத்துப்போய், மறுநாள் பெங்களூரில் கொடுத்துவிட்டு வருவேன்.