முறிகண்டியில் நின்ற கார்

வவுனியாவிலே திருமணம், கூறையும் தாலியும் எமது காரில். ஆனையிறவைக் கடக்கையில் எஞ்சின் முனகிற்று. வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. நீர்ப்பம்பியின் அச்சுத் தளர்ந்து, அடித்துவாரத்தால் நீர் சொட்டியது. இருமருங்கும் கடனீரேரி! உப்புநீரோ இரும்பை அரிக்கும், றேடியேற்றருக்கு ஆகாது. மூடியை உடனே திறத்தலும் ஆபத்து. அமுக்கத்திலுள்ள நீர் 100 பாகை கடந்தும் கொதியாதிருந்து, திறந்ததும் முகத்திற் பாயும். அரைமணி ஆறவிட்டு, போத்தல் நீரை வார்த்து, பரந்தன் கிணற்றில் மீண்டும் நிரப்பி, மெல்லச் சென்றோம்.

முறிகண்டிப் பிள்ளையார் முன்றிலில் வண்டிகள் நிற்பது வழமை. எமது காரோ கேளாமலே நின்றது. தேங்காய் உடைக்க இறங்கிய வான்காரர் ஒருவர், கூறை தாலியோடு மாமாவையும் ஏற்றிச் சென்றார். நாம் கச்சான் கொறித்தபடி எஞ்சின் ஆறக் காத்திருந்தோம்.