ஓசூரிலிருந்து அஞ்செட்டி வரை

ஓசூர் என்றதும் ரோஜாப்பூவும், குன்றின்மேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோவிலும்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். அங்கே குடியிருக்கும் என் நாத்தனாரோ, "அண்ணி, காலையில பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து பாருங்க, அதுதான் எங்க ஊரு!" என்பாள். போய்ப் பார்த்தேன். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்கள், பெண்கள், பெண்கள்! லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த ஊர் இது. இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தானாம்.

அன்றைக்கே தேன்கனிக்கோட்டை வழியாக அஞ்செட்டிக்குப் புறப்பட்டோம். தேன்கனிக்கோட்டை வரை சுமார் 25 கிலோமீட்டர். அதற்கப்புறம் காட்டு வழி. பஸ்ஸுக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து கேட்கிறது. யானை நடமாட்டம் உள்ள பகுதி என்ற எச்சரிக்கைப் பலகைகள் வேறு! மத்தியானம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டோம். அந்த ருசியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு.

2025 மார்ச்சில் இந்த அஞ்செட்டிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஏழாவதோடு படிப்பு நின்றுபோன 14 வயதுப் பெண். அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் 29 வயது ஆளுக்குக் கட்டி வைத்துவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் 'நான் போகமாட்டேன்' என்று அவள் அழ, கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போனார்கள். யாரோ அதைப் படம் பிடித்ததால்தான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. தேன்கனிக்கோட்டை மகளிர் போலீசார் வழக்குப் போட்டு, கட்டிக்கொண்டவர், அவருடைய அண்ணன், பெண்ணைப் பெற்ற தாய் ஆகியோரைக் கைது செய்தார்கள்.

பெற்ற தாயா என்று நமக்கு நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்த மலையில் நின்று பார்த்தால் கொஞ்சம் புரிகிறது. ஹைஸ்கூல் தூரத்தில், நடுவில் காடு. அப்பா அம்மா கூலி வேலைக்குப் பெங்களூர் போய்விட்டால் பெண் பாட்டியிடம். "வயசுக்கு வந்த புள்ளைய யாரு காவல் காக்கறது அக்கா? ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி" என்றாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண். அந்த நிம்மதி யாருக்கு? இடுப்பெலும்பு முழுதாக வளராத வயதில் பிள்ளை பெறுவது தாய்க்கும் ஆபத்து, சிசுவுக்கும் ஆபத்து. ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

தாயைத் திட்டுவது சுலபம். பள்ளிக்கூடத்தோடு ஹாஸ்டலும் இருந்தால் பாதிப் பயம் போய்விடும் என்பது என் கட்சி. படிப்பை நிறுத்திய பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் இந்த மாவட்டத்திலும் இருக்கின்றன. எட்டாவது முடித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கென்று 1989-ல் ஆரம்பித்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உதவித் திட்டம், 2022-ல் புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. சரியான மாற்றம்! ஆனால் ஏழாவதில் நின்றுபோனவளுக்கு அது எட்டாக்கனி. அவளுக்குக் கம்பெனி பஸ்ஸும் வராது.

இன்னொரு விஷயம். ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். அந்தப் பக்கம் போய்த் தாலி கட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே சட்டம் இன்னும் கடுமை! 2006-ஆம் வருஷத்து மத்தியச் சட்டப்படி, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாத கல்யாணத்தை, அந்தப் பிள்ளை கோர்ட்டில் கேட்டு ரத்து செய்துகொள்ளலாம். மேஜரான பிறகும் இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. கர்நாடகமோ அதைத் திருத்தி, அப்படிப்பட்ட கல்யாணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கிவிட்டது. நடத்தி வைத்தவர்களுக்கு இரண்டு மாநிலத்திலும் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு.

"தெரிஞ்சாலும் யாரு போய்ச் சொல்றது? சொந்தக்காரங்க பகை வந்துடுமே" என்றாள் அதே பெண். பெயரை வெளியிட மாட்டார்கள் என்று சொன்னேன். எந்த போனிலிருந்தும் 1098-ஐக் கூப்பிடலாம், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள். பெண்ணின் வயது, ஊர், கல்யாணத் தேதி, நடக்கும் இடம், இவ்வளவு சொன்னால் போதும். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். தாலி ஏறுமுன் கோர்ட்டில் தடை உத்தரவு வாங்கவும் சட்டத்தில் வழி உண்டு. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்றும் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது கடைசியாக எப்போது கூடியது என்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுப் பாருங்களேன்.