கிளிக்குத் தடிமனா?

நாலு வயதுப் பிள்ளையுடன் பிரயாணம் செய்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிந்திருக்கும். அத்தகைய பிரயாணத்தில் தூரத்தை மைலாலும் கிலோமீட்டராலும் அளக்க முடியாது. கேள்விகளால்தான் அளக்க வேண்டும். கொழும்புக் கோட்டையிலிருந்து மருதானைக்கு ஏழு கேள்விகள். ராகமைக்கு முப்பது. பொல்காவலை வருவதற்கு முன்பே தகப்பனானவன் நித்திரை கொள்வதுபோலப் பாசாங்கு செய்யத் தொடங்கிவிடுவான். நானும் செய்து பார்த்தேன். என் கண்ணிமையை விரலால் தூக்கி, "அப்பா, உள்ளே முழித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?" என்று கேட்ட பிள்ளையிடம் என் பாசாங்கு செல்லவில்லை.

இது 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நடந்தது. நானும் என் மனைவியும், வீட்டிலே குஞ்சு என்று அழைக்கப்படும் எங்கள் ஏக புத்திரனும் வன்னிக்குப் புறப்பட்டோம். கிளிநொச்சியை அடுத்த வட்டக்கச்சியில் என் தாயார் தனியாக வசித்து வந்தார். தகப்பனார் 2009இல் காலமாகிவிட்டார். அறுபத்தெட்டு வயதில், அரை ஏக்கர் காணியில், ஒரு பசுவையும் பத்துக் கோழிகளையும் துணையாக வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியே இருப்பது எங்களுக்குச் சம்மதமில்லை. எப்படியாவது அவரைக் கொழும்புக்கு அழைத்து வந்துவிடுவது என்பதே எங்கள் பிரயாணத்தின் நோக்கம். அந்த நம்பிக்கையில் திரும்பி வரும் புகையிரதத்துக்கு நான்கு ஆசனங்கள் பதிவு செய்திருந்தேன்: மூன்று முழுச் சீட்டு, ஓர் அரைச் சீட்டு.

1990இல் வடக்கே ஓடுவதை நிறுத்திய புகையிரதம், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆகையால் நேரே கிளிநொச்சியில் போய் இறங்கியிருக்கலாம். ஆனால் வவுனியாவில் என் மனைவியின் சிறிய தாயார் இருக்கிறார். அவரைக் காணாமல் அந்த ஊரைக் கடந்து போவது எங்கள் குடும்பச் சட்டப்படி பெருங்குற்றம். எனவே ஓர் இரவு அங்கே தங்கி, மறுநாட் காலை பஸ் ஏறினோம்.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் 321 கிலோமீட்டர் நீளமான ஏ-9 வீதி, வவுனியாவுக்கு வடக்கே காடும் குளமும் வயலுமாக நேரே போகிறது. அவ்வீதியில் உள்ள ஊர்ப் பெயர்களைப் பார்த்தால், எங்கள் முன்னோர்கள் பெயர் வைப்பதற்காக அதிகம் சிரமப்படவில்லை என்று தோன்றும். கண்ணெதிரே நின்ற மரத்தையும் அருகிலிருந்த குளத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். நொச்சிமோட்டை, புளியங்குளம், மாங்குளம் என்று அப்படி எத்தனையோ. மோட்டை என்பதும் சிறு குளமே. இந்த இரகசியத்தை நான் விளையாட்டாகக் குஞ்சுவிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த பிழை. அந்தக் கணத்திலிருந்து அவன் ஒவ்வொரு ஊரையும் பரிசோதிக்கத் தொடங்கினான்.

"நொச்சி என்றால் என்ன?" என்று கேட்டான்.

"தடிமன் வந்தால் இலையை அவித்து ஆவி பிடிப்போமே, அதுதான்" என்றாள் தாய்.

அவன் முகம் சுருங்கியது. போர்வைக்குள் அடைபட்டு ஆவி பிடித்த அனுபவம் அவனுக்கு உண்டு. சிறிது நேரம் ஆலோசித்துவிட்டு, பஸ் முழுவதும் கேட்கும்படியாக, "அப்படியென்றால் கிளிநொச்சி? கிளிக்குத் தடிமனா?" என்றான்.

முன் ஆசனத்திலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஓம் ராசா, நல்ல தடிமன்! இப்பதான் கொஞ்சம் சுகமாகி வருகுது" என்றார். அவர் சொன்னது வேடிக்கையா அல்லவா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஓமந்தை வந்தது. நான் மௌனமானேன். ஒரு காலத்தில் பெரிய சோதனைச் சாவடி இருந்த இடம் அது. 2009இல் யுத்தத்தின் கடைசி மாதங்களில் வன்னியிலிருந்து வெளியேறிய சனங்கள் இந்த வழியாகத்தான் கொண்டுவரப்பட்டார்கள். என் தாயாரும் இங்கே வெயிலில் வரிசையில் நின்று, பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் ஓராண்டு இருந்தார். அந்த வரிசையில் நின்றபோது கையிலே ஒரு தண்ணீர்ப் போத்தல் மாத்திரமே இருந்தது என்று ஒரேயொரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவ்விடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு வருவதில்லை.

குஞ்சு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாயின் காதில், "அப்பாவுக்கு வயிற்றுவலி. இறங்கி ஓமம் வாங்குவோமா? இது ஓமந்தைதானே!" என்றான்.

அந்த ஊரில் நான் சிரித்தது அதுவே முதற் தடவை.

மாங்குளத்தில் மாம்பழம் எங்கே என்று அவன் நடத்துநரிடமே நேரிற் கேட்டான். ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் பிரியும் சந்தியில் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்த அந்த மனிதர் சற்றும் தயங்காமல், "தம்பி, போன மாதம் வந்திருக்க வேணும். எல்லாத்தையும் குரங்கு திண்டிட்டுது" என்றார். அந்தப் பதில் குஞ்சுவுக்குத் திருப்தி அளித்தது.

அடுத்துக் கொக்காவில். அங்கே 2011இல் திறக்கப்பட்ட ஒலிபரப்புக் கோபுரம் ஒன்று 174 மீட்டர் உயரத்துக்கு வானை முட்டி நிற்கிறது. இங்கே மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அவனே சன்னலுக்கு வெளியே கை நீட்டி, "அதோ கொக்கு! ஒற்றைக் காலில் நிற்கிறது!" என்று கூவினான். பொறியியலாளர்கள் எதை நினைத்துக் கட்டினார்களோ, அந்தக் கோபுரம் எங்கள் குடும்பத்தில் அன்று முதல் கொக்குத்தான்.

முறிகண்டியில் பஸ் நின்றது. ஏ-9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் அப்பாற் செல்வதில்லை. கார், லொறி, பஸ் எதுவானாலும் நிற்கும். ஒருவர் கற்பூரம் கொளுத்துவார். ஒருவர் தேங்காய் உடைப்பார். பிறகு எல்லாரும் கச்சான் வாங்குவார்கள். வறுத்த கச்சானைக் குவித்து வைத்துக்கொண்டு பெண்கள் கூவி அழைப்பது அந்தக் கோயிலின் மணியோசையைப் போலவே பிரயாணிகளின் மனத்தில் பதிந்த ஓசை.

"பிள்ளையார் பொலிஸா?" என்றான் குஞ்சு.

"ஏன்?"

"எல்லா வாகனத்தையும் மறிக்கிறாரே! தேங்காய்தான் அபராதமா?"

மனைவி அவன் வாயைப் பொத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, "பிள்ளையாரே, அம்மா எங்களோடு கொழும்புக்கு வரச் சம்மதிக்க வேண்டும்" என்று வேண்டினேன். மனத்துக்குள் வேண்டுவதாகத்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். கண்ணைத் திறந்தபோது, குஞ்சு ஒரு கையிற் கச்சான் பையுடன் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறோமா?"

"ஓம். ஆனால் நீ அதைச் சொல்லக்கூடாது. நாங்கள் மெதுவாகக் கேட்க வேண்டும்."

அவன் கம்பீரமாகத் தலையாட்டினான். பிறகு கச்சான்களை ஒவ்வொன்றாகக் கோது உடைத்து, தோலும் உரித்து, படியிலே ஆறு பருப்புகளை வரிசையாக வைத்தான். ஏன் உரித்தாய் என்று கேட்டதற்கு, "ஒரு கொம்பு உடைந்திருக்கிறதே, பாவம், எப்படிக் கடிப்பார்?" என்றான்.

கிளிநொச்சியில் இறங்கியதும் முதல் வேலையாக ஆகாயத்தைப் பார்த்தான். கிளி இல்லை. தெருவைப் பார்த்தான். கடைகளும் வங்கிகளும் மோட்டார்ச் சைக்கிள்களுமே இருந்தன. நொச்சியும் இல்லை. "பெயர் பிழை, அப்பா" என்று தீர்ப்பளித்தான். ஓட்டோவில் வட்டக்கச்சிக்குப் போனோம். இரணைமடுக் குளத்து நீர் பாயும் அந்தக் குடியேற்றக் கிராமத்தில் வாய்க்கால் நேராக ஓடுகிறது. வீதியும் அதற்குப் பக்கத்தில் நேராகவே ஓடுகிறது. வட்டத்தைத் தேடித் தேடிக் களைத்த குஞ்சு, "இது நேர்க்கச்சி!" என்றான். ஓட்டோக்காரர் சிரித்த சிரிப்பில் வண்டி வாய்க்காலுக்குள் இறங்காமல் தப்பியது முறிகண்டியாரின் கருணையே.

படலையைத் திறந்துகொண்டு தாயார் ஓடிவந்தார். "வாடா என்ரை ராசா!" என்று பேரனை அள்ளித் தூக்கினார். அவன் அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்து, மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் சொன்னான்: "அப்பம்மா, உங்களைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறோம் என்று நான் சொல்லமாட்டேன்!"

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தாயார் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேரனிடம், "நல்ல பிள்ளை. நீ சொல்லாதை. நானும் கேக்கேல்லை" என்றார். சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்படி சிரித்தார். தகப்பனார் போன பிறகு அவர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை.

இரகசியம் இவ்வாறு பத்திரமாகக் காக்கப்பட்டபின், நான் மெதுவாகக் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இருந்தாலும் இரவுச் சாப்பாட்டின்போது வைத்தியரைப் பற்றிச் சொன்னேன்; மாரி காலத்தில் வரும் பாம்பைப் பற்றிச் சொன்னேன்; தனிமையைப் பற்றியும் சொன்னேன். "கொழும்பிலை நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனால் நான் ஆரோடை இருக்கிறது?" என்று ஒரே கேள்வியில் அவர் அதை முடித்துவிட்டார். கேள்வி கேட்கும் கலை குஞ்சுவுக்கு எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கிற்று.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு இரணைமடுக் குளக்கட்டுக்குப் போனார். நானும் பின்னால் நடந்தேன். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட குளம் அது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை விரிந்து கிடந்தது. "இரணை எண்டால் இரட்டை. முந்தி ரெண்டு மடு இருந்தது. அணை கட்டினவுடனை ரெண்டும் சேர்ந்து ஒண்டாகியிட்டுது" என்றார். "ஒன்று அப்பா மடு, ஒன்று அம்மா மடு. குஞ்சு மடு எங்கே?" என்று அவன் கேட்டான். கட்டோரத்தில் மாட்டுக் குளம்பு பதிந்த குழியொன்றில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாயார் காட்டினார். அவனுக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

அன்று மாலைதான் அந்த விஷயம் நடந்தது.

வீட்டின் கோடிப்புறத்திலே ஒரு மொட்டைப் பனை நிற்கிறது. யுத்தத்தில் தலையை இழந்த பனை. இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த புது வீட்டுக்கு அருகே அது கறுத்துப் போய் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை. தறித்துவிடச் சொல்லிப் பல முறை கடிதத்திலும் தொலைபேசியிலும் வற்புறுத்தியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு முறையும் ஏதேனும் சாட்டுச் சொல்லித் தட்டிக் கழித்தார். அன்று வெயில் தாழ்ந்த நேரம், கீச்சென்ற சத்தத்துடன் இரண்டு பச்சைக் கிளிகள் வயற்பக்கமிருந்து பறந்து வந்தன. ஒன்று பனையின் உச்சியில் அமர்ந்தது. மற்றது நடுவிலிருந்த பொந்துக்குள் நுழைந்தது.

குஞ்சு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். "கிளி!" என்றான் மெதுவாக.

"ஓம். இந்த வேலியிலை நிக்கிறது என்னெண்டு தெரியுமோ? இலையைக் கசக்கி மணந்து பார்" என்றார் தாயார். அவன் மணந்தான். முகம் சுருங்கியது. ஆவி பிடித்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

"நொச்சி!"

"இப்ப சொல்லு, ஊரின்ரை பேர் சரியோ, பிழையோ?"

"சரி! சரி!" என்று அவன் முற்றமெல்லாம் துள்ளினான். தாயார் என் பக்கம் திரும்பாமலே, பேரனிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "இதுகளை விட்டிட்டு நான் வந்தால், உன்ரை அப்பா பனையைத் தறிச்சுப்போடுவார். பிறகு பேர் பிழைச்சுப் போகுமடா."

நான் அந்தப் பனையைப் பார்த்த போதெல்லாம் இழந்த தலையைத்தான் பார்த்தேன். அவர் ஒன்பது வருஷமாக அதில் குடியிருப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதன்பின் நான் கொழும்புப் பேச்சை எடுக்கவில்லை. புறப்படும் நாளன்று அவரே சமாதானம் சொன்னார்: மாசியில் காலபோக அறுவடை முடிந்ததும் ஒரு மாதம் வந்து நிற்பாராம்; பசுவை அயல்வீட்டில் ஒப்படைத்துவிட்டு வருவாராம்; பனையில் மாத்திரம் ஒருவரும் கைவைக்கக் கூடாதாம். சொன்னபடியே மறு வருஷம் வந்தார். ஒரு மாதம் என்றது பதினாறு நாளில் முடிந்தது என்பது வேறு விஷயம்.

திரும்பும் புகையிரதத்தில் நான்காவது ஆசனம் வெறுமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தாயார் தந்த பூசணிக்காய், கொழும்பில் தாழ்ப்பமான ஒரு வீட்டுக்கு வாசற்கல்லாக வைக்கத்தக்க பருமனுடையது. அதை வேறெங்கும் வைக்க இயலாமல் அந்த ஆசனத்தில் வைத்திருந்தோம். அதன்மேல், ஈரச் சாக்குத் துண்டில் சுற்றிய நொச்சிக் கன்று ஒன்று.

வவுனியாவைத் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். நான்கு சீட்டுகளைப் பார்த்தார். மூன்று பேரைப் பார்த்தார். தமக்குத் தெரிந்த தமிழில், "இந்த சீட் யாருக்கு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் குஞ்சு எழுந்து நின்றான். "அது அப்பம்மாவின் இடம். அப்பம்மாவுக்கு வேலை இருக்கிறது. அதனால் பூசணிக்காய் வருகிறது" என்றான்.

பரிசோதகர் பூசணிக்காயை மேலும் கீழும் பார்த்தார். பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "முழு டிக்கெட்தானே? சரி" என்று சொல்லி, அந்தச் சீட்டிலும் முறைப்படி ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டு அப்பாற் சென்றார்.