இடது பக்கம் மட்டும் கிடைக்காது

அமெரிக்காவில் ஒருவர் 1969-ம் வருஷத்துக் கமாரோ வைத்திருந்தால் கவலையே இல்லை. பம்பர், கதவு, ஏன், முழு பாடியையே இன்றைக்கும் புதிதாக அடித்துத் தருகிறார்கள். உத்திரமேரூரில் கான்டெஸா வைத்திருப்பவர் கதி அப்படியல்ல. அந்தப் பாக்கியசாலி என் அப்பா.

மஸ்டாங், கமாரோ வகையறாவுக்கு நம் ஊரில் கிட்டத்தட்டப் பதில் சொன்ன வண்டி கான்டெஸாதான். நீள மூக்கு, அகல இடுப்பு, வில்லன் நடை. அசல் பூர்வீகம் இங்கிலாந்து. ஜெனரல் மோட்டார்ஸின் அங்கத்திய கம்பெனியான வாக்ஸ்ஹால் செய்த 'விக்டர்' காரின் அச்சுதான் உத்தர்பாராவுக்கு வந்து 1984-ல் கான்டெஸா ஆயிற்று. முதலில் அதற்குள் வைத்தது அம்பாஸடரின் 1489 ஸி.ஸி. இன்ஜின். பயில்வானுக்குப் பச்சைக் குழந்தையின் நுரையீரல்! அப்புறம்தான் ஜப்பானின் இசுஸு 1.8 லிட்டர் வந்து மானத்தைக் காப்பாற்றியது. 2002-ல் கடையைக் கட்டினார்கள்.

அப்பாவின் வண்டி 1996 மாடல். வீட்டுத் தென்னை மரம் ஒரு மட்டையைப் போட்டதில் இடது பின்லைட் காலி. பதினைந்து வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.ஸி. புதுப்பிக்க வேண்டுமே, அதற்கு இருபது நாள்தான் பாக்கி. தம்பி, "எடைக்குப் போட்டுடலாம்ப்பா" என்றான். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

செங்கல்பட்டு வரை பஸ், எழும்பூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து புதுப்பேட்டை. அந்தப் பேட்டையைப் பற்றி ஒரு பழைய ஜோக் உண்டு: வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துத் திரும்பினால், உங்கள் வண்டியையே உங்களுக்குத் துண்டு துண்டாக விற்பார்களாம். எனக்கு யாரும் விற்கவில்லை. ஏழு கடையில் வலது பின்லைட் இருந்தது. இடது? "அது மட்டும் வராது சார்!" நம் சாலையில் இடது பக்கம்தான் அதிகம் இடி வாங்குகிறதோ என்னவோ.

எட்டாவது கடைக்காரர் ஒரு வழி சொன்னார். காஞ்சிபுரத்தில் ஒரு ரிடையர்டு ஆசாமியிடம் இரண்டு கான்டெஸா. ஒன்று ஓடும், ஒன்று உறுப்பு தானம்.

மறுநாளே போனேன். இடது பின்லைட் பளபளவென்று இருந்தது. கேட்ட விலை தருகிறேன் என்றேன்.

"காசு வேணாம் தம்பி. வாட்டர் பம்ப் குடுங்க, எடுத்துட்டுப் போங்க. ரெண்டு வண்டியிலயும் போச்சு. ஒரு வருஷமா கான்டெஸா பம்ப் கேட்டு அலையறேன்."

"கான்டெஸா பம்ப்னா கேட்டீங்க?"

"பின்னே?"

அங்கேதான் விஷயம். இதே இசுஸு 1.8 இன்ஜினைத்தான் தொண்ணூறுகளில் அம்பாஸடரிலும் வைத்தார்கள் - 1800 ஐ.எஸ்.இஸட். என்று பெயர். அந்த வண்டியின் இன்ஜின் சாமான்கள் புதுப்பேட்டையில் இன்னும் அகப்படும். கான்டெஸா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள், அம்பாஸடர் ஐ.எஸ்.இஸட். என்று கேட்டால் பரணில் ஏறுவார்கள். (ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே குடவோலைத் தேர்தலுக்கு யார் லாயக்கு என்று கல்லில் வெட்டிவைத்தது எங்கள் ஊர். எந்த பம்ப் எதற்குப் பொருந்தும் என்பதையும் எங்காவது வெட்டியிருக்கலாம்!)

மறுபடி புதுப்பேட்டை. பழைய பம்ப், புது பேரிங், புது ஸீல். காஞ்சிபுரத்துக்காரர் அதைப் பேரக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்லைட்டை வேட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தார். வலது பக்கத்துக்குக் கதவுக் கைப்பிடி தேவைப்பட்டால் தாமும் இருப்பதாகச் சொல்லிவைத்தார்.

மாட்டி முடித்தோம். அப்பா காருக்குப் பின்னால் போய் நின்று, "பிரேக்கை அமுக்குடா" என்றார். அமுக்கினேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். முகமெல்லாம் சிவப்பு வெளிச்சம்.

"எரியுதாப்பா?"

"ஜோரா எரியுது. ஆனா, இதப் பார்த்தப்புறம் வலது பக்கம் கொஞ்சம் வெளிறின மாதிரி இல்ல?"